கடலோரத் தோட்டத்திற்குச் செடி தெரிதல்

செங்கற்பட்டு ஜில்லா என்று முன்னாளில் வழங்கிய நிலப்பகுதி, மேற்கே திருப்புலிவனம், உத்திரமேரூர் முதலிய ஏரிப்பாசனக் கிராமங்களையும், கிழக்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களையும் ஒருங்கே உடையதாயிருந்தது. 1997-ம் வருஷத்தில் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் காஞ்சிபுரத்தினின்றும் செங்கற்பட்டு தனி ஜில்லாவாக்கப்பட்டபோது, காஞ்சிபுரம் ஜில்லாவுக்குக் கடற்கரை என்பதே இல்லாமற் போயிற்று. எல்லை மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறுவதில்லை. கடலோரத்திலுள்ள உறவினர் வீட்டுக்கோ, அங்கே வாங்கிய மனைக்கோ உள்நாட்டிலிருந்து நாற்றும் போத்தும் எடுத்துச் செல்வது இன்றும் வழக்கமே. எடுத்துச் சென்றவற்றுள் பாதிக்கு மேல் முதற் கோடையிலேயே கருகிப்போவதும் வழக்கமாகவே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய நாற்றாயின் அது வீண் செலவு. சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கியதாயின் அங்கத்தினர் எல்லோருக்கும் நஷ்டம்.

இந்த நஷ்டத்திற்குக் காரணம் பெரும்பாலும் கேள்வியே சரியாகக் கேட்கப்படாமைதான். “உப்புக்குத் தாங்கும் செடி எது?” என்று கேட்கிறார்கள். எந்த உப்பு என்பதை யாரும் கேட்பதில்லை. கடலோரத் தோட்டத்தில் உப்பு மூன்று வழியாக வருகிறது: காற்றின் மூலம் இலைமேல் படிவது ஒன்று, மண்ணிலேயே தங்கியிருப்பது மற்றொன்று, கிணற்றுநீருடன் நாள்தோறும் இறைக்கப்படுவது மூன்றாவது. ஒரு வகையைத் தாங்கும் செடி இன்னொரு வகையில் மடிந்துபோகக் கூடும். உள்நாட்டிலோ காற்றுப்புப்பு இல்லை; ஆனால் உவரும் களரும் உண்டு. ஆகையால் கடற்கரையில் செழித்து நிற்கும் மரத்தைப் பார்த்து, அதைத் தன் ஊர்க் களர்மூலையில் நடுபவரும் ஏமாறுகிறார். தன் ஊரில் உவரைத் தாங்கிய செடியைக் கடலுக்கு எதிரே நடுபவரும் ஏமாறுகிறார்.

முதலில் காற்றுப்பைக் கவனிக்கலாம். அலை உடையும்போது எழும் நுண்ணிய நீர்த்துளிகளைக் கடற்காற்று நிலத்தின் மேல் அடித்துக்கொண்டு வருகிறது. துளியிலுள்ள நீர் வழியிலேயே உலர்ந்துவிட, உப்பு இலைமேல் ஒட்டிக்கொள்கிறது. இலையில் உள்ள சிறு கீறல்கள், துளைகள் வழியாக அது உள்ளே புகுகிறது. இதன் அடையாளம் தெளிவானது. இலையின் நுனியும் விளிம்பும் முதலில் பழுக்கும். அதுவும் கடலை நோக்கிய பக்கத்தில் மாத்திரம். மேற்குப் பக்கத்துக் கிளைகள் பசுமையாக இருக்கும். வேரில் உப்புச் சேர்ந்தாலோ மரம் முழுவதும் ஒருசேர வாடும். இந்த வேற்றுமையைப் பார்த்தே எந்த உப்பு செடியைக் கெடுக்கிறது என்று ஒருவாறு தீர்மானிக்கலாம். மழைக்காலத்தில் காற்று பலமாக வீசினாலும் மழை இலையைக் கழுவிவிடுகிறது. கோடையில் பிற்பகல்தோறும் வீசும் கடற்காற்றைக் கழுவுவார் இல்லை. சித்திரை, வைகாசியில் சேதம் மிகுவதற்குக் காரணம் அதுவே. சிறு தோட்டமாயின் மாலையில் இலைகளின்மேல் நல்ல நீரைத் தெளித்துக் கழுவுவது கைகண்ட பரிகாரம். கிணற்றுநீரே உப்பாயிருந்தால் அதைத் தெளித்தல் கூடாது.

இக்காற்றை ஏற்று நிற்கும் செடிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழர் நெய்தல் நிலத்துக்கு உரியவை என்று பழங்காலத்திலேயே வகுத்த புன்னை, தாழை, அடம்பு ஆகியவையே இன்றும் முதல் வரிசைக்கு உரியவை. அவற்றையும் முறை தவறாமல் வைக்க வேண்டும். அலைக்கு மிக அருகில், மணல் ஓடும் இடத்தில், எந்த மரத்தையும் வைத்துப் பயனில்லை. அங்கே அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லுந்தான் நிற்கும். அடம்பின் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிணைக்கிறது. மணல் மேலே மூடினாலும் அதற்கு மேல் தழைத்து வருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து கட்டிய மணல்மேடு எந்தச் சுவரினும் மலிவான அரண். மனையைச் சமன் செய்வதாக எண்ணி அம்மேட்டை வெட்டித் தள்ளுவோர், தங்கள் தோட்டத்துக்கு இருந்த ஒரே மறைப்பைத் தாங்களே நீக்கிவிடுகிறார்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-ல் பிறந்தது முதல் மணல்மேட்டைச் சிதைப்பது சட்டத்துக்கும் விரோதமாகும்.

மேட்டுக்குப் பின்புறம் தாழை. அதன் முட்புதர் ஆடுமாடுகளையும் தடுக்கும். தாழம்புதரில் பாம்பு குடியிருக்கும் என்று அதை வெட்டிவிடுவோர் உண்டு. பாம்பு வருவது எலியைத் தேடியே. வீட்டுவாசலுக்கு எட்டத்தில் வைத்தால் போதும். அதற்கும் பின்னே புன்னை, பூவரசு, நீர்ப்பருத்தி. புன்னையின் இலை தடித்து மெழுகு பூசினாற்போல் இருப்பதால் உப்பு உள்ளே இறங்குவதில்லை. மெல்ல வளர்வதுதான் அதன் குறை. ஆனால் வளர்ந்த பின் நிழலும், எண்ணெய் வித்தும், படகுக்கு உதவும் மரமும் தருகிறது. இவ்வரிசைகளின் மறைவில் வேம்பு, புங்கு, முந்திரி, சப்போட்டா ஆகியவை வளரும். வேலியோரம் அரளியும் காகிதப்பூவும் நிற்கும். அரளி முழுவதும் விஷமாகையால் மாடு கட்டும் இடத்தருகே வைத்தல் தகாது. நித்தியகல்யாணியை மணலில் எங்கே வேண்டுமானாலும் விதைக்கலாம். ரோஜாவைப் பற்றிக் கடலோரத்தார் ஆசைப்படாமலிருப்பது நலம். அது காற்றுப்பையும் தாங்காது, நீருப்பையும் தாங்காது.

மதிற்சுவர் எழுப்பிக் காற்றைத் தடுத்துவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். கெட்டியான சுவரில் மோதிய காற்று மேலே எழும்பி, சுவருக்குச் சற்றுப் பின்னால் சுழன்று விழுகிறது; அங்குள்ள செடிகள் முன்னிலும் அதிகமாகத் துன்புறுகின்றன. பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் செடிவேலியே மேலானது. அத்தகைய வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக் குறையாமல் பாதுகாப்பளிக்கும். பத்தடி உயரத் தாழையும் பூவரசும் நூறடி தூரத்தை மறைக்கும் என்று கணக்கிடலாம்.

சவுக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகின் பொருட்டுச் சென்னை மாகாணத்துக் கடற்கரையில் பரப்பப்பட்ட இம்மரம், இப்பொழுது காஞ்சிபுரம், கடலூர்ப் பக்கங்களில் குடியானவர்களுக்குப் பணப்பயிராகவே ஆகிவிட்டது. காற்றுப்பைத் தாங்கும், வெறும் மணலில் விரைவில் ஓங்கும், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே ஈர்த்துக்கொள்ளும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கிய பின், கடலோரம் நெடுகச் சவுக்கு நடப்பட்டது. கடலூர்ப் பகுதியில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகச் சேதமுற்றன என்று 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. ஊரின் உயரமும் கடலினின்றுள்ள தூரமுமே முக்கியக் காரணம் என்று வேறு அறிஞர்கள் அதை மறுத்தனர். இவ்விவாதம் எவ்வாறிருப்பினும், மணல்மேட்டின் முகட்டிலேயே சவுக்கை நடுவது சரியன்று. உதிர்ந்த சருகு மெத்தைபோல் மூடுவதால் அடம்பு அடியில் வளராது. அடம்பு இல்லாத மேடு கரையும். தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்கும் திறந்த மணல் வேண்டும். சவுக்கின் இடம் மேட்டுக்குப் பின்புறம், தனி வரிசையாக. வெட்டி விற்கும் நோக்கமுடையவர்களுக்கு அது ஏற்றதே. தோட்டத்துக்கு நிரந்தர மறைப்பாக அதை மாத்திரம் நம்புவது தவறு. ஒரே வயதுடைய மரங்கள் ஒரே சமயத்தில் வெட்டப்படும்போது வேலி முழுவதும் ஒரே நாளில் மறைந்துவிடும்.

உப்பைத் தாங்கும் மரம் புயலையும் தாங்கும் என்று நினைக்கலாகாது. 2011 டிசம்பரில் வந்த தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளை அடியோடு சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியம், பட்டுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகளைக் கணக்கின்றி வீழ்த்தியது. இரண்டு மரங்களும் கடலோரத்துக்கு ஏற்றவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் முழு வருமானத்தையும் ஒரே வகை மரத்தில் வைப்பதன் ஆபத்து இவ்விரு புயல்களாலும் வெளிப்பட்டது. பனையோ காற்றுக்கு எளிதில் அசைவதில்லை. பலன் தர ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆகும் என்பதனாலேயே ஜனங்கள் அதை நடத் தயங்குகின்றனர்.

இனி நீருப்பு. கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் கடல்நீரினும் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி வரை அது பரவியிருக்கும் என்பது கணக்கு. இதை மறுபுறமாகப் பார்த்தால் விபரீதம் விளங்கும்: ஆழமாகத் துளையிட்டு மின்சாரப் பம்பினால் நீர்மட்டத்தை நிரந்தரமாக ஓரடி இறக்கிவிட்டால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததனால், 1960-களிலிருந்து கடல்நீர் நிலத்தடியில் சில மைல் தூரம் உட்புகுந்தது. ஆழமற்ற கிணறுகள் இரண்டு மூன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக இறைப்பதே கடலோரத்துக்கு ஏற்ற முறை. மணலில் குழியெடுத்துக் குடத்தால் முகந்து வார்த்த முன்னோர், இக்கணக்கை அறியாமலே இதன்படி நடந்தனர்.

நீரிலுள்ள உப்பின் அளவை, அது மின்சாரத்தைக் கடத்தும் திறனால் அறிந்து, டெசிசைமன் என்னும் அலகில் குறிப்பர். ஒரு டெசிசைமன் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். நாக்குக்குச் சற்றே கரிக்கும் 3 டெசிசைமன் கிணற்றுநீரை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் பாய்ச்சினால், அதனுடன் 384 கிராம் உப்பும் பாய்கிறது. நூறு நாளில் அது 38 கிலோவுக்கு மேலாகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்புப் போவதில்லை. ஒரு சென்ட் நிலத்தில் அரை மூட்டைக்கு மேல் உப்பைக் கொட்டிய பின் “செடி ஏன் வாடுகிறது?” என்று வியப்பதில் பொருளில்லை. மணல் நிலமாயின் ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கீழே இறக்கிவிடும். மழை பொய்த்த வருஷத்தில், பாய்ச்சும்போதே தேவைக்குச் சற்று அதிகமாக, ஆனால் நாள் இடைவிட்டுப் பாய்ச்சி, உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். தினந்தோறும் மேலோடு தெளிப்பது உப்பை வேரண்டையிலேயே நிறுத்தி வைக்கும்.

காய்கறிகளுக்குள் வேற்றுமை மிகுதி. வேரைச் சுற்றியுள்ள மண்நீரின் உப்பு எந்த அளவைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்குகிறது என்பதை ஆராய்ச்சியாளர் அளந்துள்ளனர். பீன்ஸுக்கும் காரட்டுக்கும் 1 டெசிசைமன், வெங்காயத்துக்கு 1.2, மிளகாய் இனத்துக்கு 1.5, தக்காளிக்கு 2.5, நிலக்கடலைக்கு 3.2, பீட்ரூட்டுக்கு 4, பருத்திக்கு 7.7. கடலோரத்து வீட்டுத்தோட்டத்தில் வெங்காயமும் பீன்ஸும் தோற்று, பீட்ரூட் கிழங்கு வைப்பது ஏன் என்பது இதனால் தெரியவரும். எந்தச் செடியும் முளைவிடும் பருவத்தில் உப்புக்கு மிக அஞ்சும். ஆகையால் நாற்றைச் சேமித்த மழைநீரில் வளர்த்து, நான்கைந்து இலை விட்ட பின் கிணற்றுநீருக்குப் பழக்குவது உத்தமம். பாத்தியின் மேட்டு நடுவில் நடாமல் சரிவில் நட வேண்டும். மண்ணின் ஈரம் மேலேறி உலரும்போது உப்பு மேட்டின் உச்சியிலேயே பூத்து நிற்கும்.

மண்ணுப்பு என்பதில் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் உள்ள பேதத்தைத் திருப்புலிவனம் போன்ற ஊர்களின் அங்கத்தினர் நன்கு அறிதல் அவசியம். உவர் வேறு, களர் வேறு. உவர்நிலத்தில் கரையும் உப்பு மிகுதி, வெண்மையாகப் பூக்கும், நல்ல நீரைத் தேக்கி வடித்தால் போய்விடும். ஓரடி ஆழ மண்ணின் வழியே ஓரடி நீர் வடிந்து சென்றால், அதிலுள்ள உப்பில் ஐந்தில் நான்கு பங்கு நீங்கும் என்பது பொது மதிப்பு. ஆழிப்பேரலையின்போது கடல்நீர் புகுந்த நாகப்பட்டினத்து வயல்களில் பல, மழையாலும் வடிகாலாலும் திரும்பவும் விளைச்சலுக்கு வந்தது இவ்வகையினாலேயே. களர்நிலத்திலோ சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணைக் குழம்பாக்கி, காய்ந்தால் கல்லாக்குகிறது; நீர் இறங்கவே இறங்காது. அங்கே எவ்வளவு நீர் தேக்கினும் வீண். ஜிப்சம் இட்டு, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தினால் சோடியத்தை விடுவித்த பிறகே நீர் தேக்கி வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுவது அதற்கு நல்ல துணை.

இரண்டையும் வேறுபடுத்த எளிய பரீட்சை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை ஊற்றி, ஒரு பிடி மண்ணைப் போட்டுக் கலக்கி அசையாமல் வைக்க வேண்டும். உவர்மண்ணாயின் சில மணி நேரத்தில் மண் அடியில் தங்கி நீர் தெளியும். களர்மண்ணாயின் மறுநாளும் நீர் கலங்கியே இருக்கும். இப்பரீட்சை முதல் அறிகுறிக்கு மாத்திரம். ஜிப்சம் எவ்வளவு என்பதை விவசாய இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்தில் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். களர் இல்லாத நிலத்துக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டுவதனால் லாபம் வியாபாரிக்கே.

கடலோரத்துத் தென்னையும் முந்திரியும் உள்நாட்டுக் களரில் தோற்பதன் காரணம் இப்பொழுது விளங்கும். அவை நிற்பது, நீர் தங்காமல் ஓடும் மணலில். வேருக்கு எட்டுவது பெரும்பாலும் மிதந்து நிற்கும் நல்ல நீர். களரில் தேங்கிய நீரில் அவற்றின் வேர் அழுகும். களர்மூலைக்குக் கருவேலும் புங்குமே தக்கவை. எங்கும் வளர்கிறதே என்று சீமைக்கருவேலை ஒருவரும் நட வேண்டியதில்லை. 19-ம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட அது, அழைக்காமலே வந்து ஏரி உட்புறங்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டுவிட்டது. நெல் வயலே உவர்ந்துவிட்டால், திருச்சிராப்பள்ளி விவசாயக் கல்லூரியில் உவர், களர் நிலங்களுக்கென்று உண்டாக்கிய ‘திருச்சி’ என்னும் பெயருள்ள நெல் வகைகளைக் கேட்டு வாங்கலாம்.

மேலே கூறியவற்றால், கடலோரத்துக்கு உள்நாட்டிலிருந்து அனுப்பத்தக்க நாற்றுகள் எவை என்பதும் பெறப்படும். பூவரசு, புங்கு, வேம்பு, பனை, அரளி ஆகிய ஐந்தும் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விலையின்றிக் கிடைப்பவை. வெளியூர் நாற்றங்கால்களில் அதிக விலைக்கு விற்கும் அந்நிய அலங்காரச் செடிகளைவிட இவை கடற்காற்றில் நன்றாகவே நிற்கும். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துடன் தோட்ட வாரியமும் கூறப்படுகிறது. தோட்டத்தை ஊர்ப்பொதுக் காரியமாகக் கருதியது இப்பகுதிக்குப் புதிதன்று. சங்கத்தின் பேரில் ஒரு சிறு நாற்றங்கால் வைக்க இரண்டு சென்ட் இடமும் ஏரிநீரும் போதும்.

பூவரசைப் போத்தாக நட்டால் வேலி விரைவில் எழும்பும். ஆனால் விதையில் வளர்ந்ததே நேராக ஓங்கி வைரம் தரும். வேலிக்குப் போத்து, மரத்துக்கு விதை என்று கொள்க. புன்னை விதையை ஓட்டோடு ஊன்றினால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதமாகும். ஓட்டை நீக்கி ஊன்றினால் மூன்று வாரத்தில் முளைக்கும். பனங்கொட்டையை நாற்றங்காலில் வைத்துப் பெயர்ப்பது வீண் வேலை. அதன் முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும்.

கடலோரத்துக்கு அனுப்பும் நாற்று உயரமாயிருப்பதைவிடக் கட்டையாயும் தண்டு தடித்தும் இருத்தல் நலம். நிழலில் வளர்த்த நாற்றை நேரே கடற்காற்றில் நிறுத்தாமல், அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்னே வெயிலுக்குப் பழக்க வேண்டும். குழி இரண்டடிச் சதுரம், இரண்டடி ஆழம். மணலுடன் மக்கிய எருவும் ஏரிவண்டலும் கலந்து நிரப்பலாம். வண்டல் எடுக்கும் இடம் களரன்று என்பதை மேற்கூறிய குவளைப் பரீட்சையால் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டவுடன் கிழக்குப் பக்கத்தில் இரண்டு பனையோலைகளைச் சாய்த்து நிறுத்தி, முதல் இரண்டு கோடைக்கும் அவற்றை மாற்றி மாற்றி வைத்துவர வேண்டும். நடுவதற்கு ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், ஐப்பசி முதல் இரண்டு வாரம். அதற்குத் தயாரான நாற்று வேண்டுமாயின், புங்க விதையைச் சித்திரை, வைகாசியிலும், வேப்ப விதையை உதிர்ந்த இரண்டு வாரத்துக்குள்ளும் பையில் ஊன்றிவிட வேண்டும். வேப்ப விதை அதற்கு மேல் வைத்தால் முளைக்கும் சக்தியை விரைவில் இழந்துவிடும்.